காற்று தரும் பிடி, காற்று பறிக்கும் பிடி

(பந்தயக் கார் தயாரிக்கும் பொறியியல் மாணவர்களுக்குக் கோயம்புத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தங்கள் கையாலேயே பந்தயக் கார் கட்டிக்கொண்டிருக்கும் மாணவர்கள் நிறைந்த அவை இது. இங்கே பேசக் கிடைத்ததை நான் பெருமையாகக் கருதுகிறேன். இந்தப் பொருளில் கோயம்புத்தூருக்கு ஓர் உரிமை உண்டு. மாருதி எஞ்சினை வைத்து, நம் இளைஞர்கள் ஓட்டத்தக்க ஃபார்முலா கார்களை இங்கே உருவாக்கியவர் எஸ். கரிவரதன். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். ஆகவே பொதுவான முன்னுரைகளை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்குப் போகலாம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்த முடியும் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அழுத்த முடியும் என்பதிலேயே நம் கவனமெல்லாம் போய்விடுகிறது. அந்த அழுத்தம் எப்போது குறையும், காரின் எந்தப் பக்கம் நகரும், எந்த நொடியில் கைவிடும் என்று கேட்கிறவர்கள் குறைவு. ஒரு கார் ஓட்டுநருக்குக் கட்டுப்படுமா படாதா என்பதை முடிவுசெய்வது இந்த இரண்டாவது கேள்விதான். பந்தய வரலாறு இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

டயரிலிருந்து தொடங்குவோம்

காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ரப்பரைப் பற்றிப் பேசியாக வேண்டும். எஞ்சின் எவ்வளவு சக்தி தந்தாலும், பிரேக் எவ்வளவு வலுவாக இருந்தாலும், எல்லாம் நான்கு டயர்கள் தரையைத் தொடும் அந்தச் சிறு பரப்புகள் வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் சில நூறு சதுர சென்டிமீட்டர்தான்.

ஒரு டயரிடம் இருக்கும் பிடி ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை பிரேக் பிடிக்கச் செலவிடலாம், வளைவில் திரும்பச் செலவிடலாம், வேகமெடுக்கச் செலவிடலாம். முழுவதையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நல்ல ஓட்டுநர் வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கணக்கிலிருந்து எடுத்து இன்னொரு கணக்கில் சேர்க்கிறார்.

டயருக்கு இன்னொரு குணம் உண்டு. மேலிருந்து விழும் சுமை கூடக்கூடப் பிடியும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. சுமை இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். சின்ன விஷயமாகத் தெரியும் இந்தக் குணம்தான் சஸ்பென்ஷன் அமைப்பு முழுவதையும் ஆள்கிறது. கார் வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்க டயர்களுக்கு மாறுகிறது. இடப்பக்கம் பெறும் கூடுதல் பிடி, வலப்பக்கம் இழக்கும் பிடியை ஈடுசெய்யாது. நான்கு டயர்களும் சேர்ந்து தரும் மொத்தப் பிடி குறைந்துவிடுகிறது. பந்தயக் காரைத் தாழ்வாகவும் அகலமாகவும் கட்டுவதன் காரணம் இதுதான்: ஈர்ப்பு மையம் தாழ்ந்து, கார் அகலமானால் எடை மாறுவது குறையும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். காரின் எடை 800 கிலோ. ஈர்ப்பு மையத்தின் உயரம் 30 சென்டிமீட்டர். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர். புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு வேகத்தளர்ச்சியோடு பிரேக் பிடித்தால் 330 கிலோவுக்கு மேற்பட்ட சுமை பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்குப் போகிறது. கண் இமைக்கும் நேரத்தில் நான்கைந்து ஆட்கள் காருக்குள்ளேயே பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் இடம் மாறியதற்குச் சமம். இத்தனையும் காற்று தன் பங்கைச் சேர்ப்பதற்கு முன்பே நடக்கிறது.

காற்று என்ன செய்கிறது

பிடியைக் கூட்டச் சுமையைக் கூட்ட வேண்டும் என்றால் காரில் இரும்பை ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். பயன் இல்லை. எடை கூடினால் அதே அளவுக்கு அந்தக் காரைத் திருப்பத் தேவையான விசையும் கூடும். காற்றின் தனிச்சிறப்பு, டயரின் மேல் சுமையை ஏற்றும், காரின் நிறையைக் கூட்டாது என்பதே.

இதன் பலனை எண்களில் பாருங்கள். 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. டயரின் உராய்வுக் கெழு 1.5 என்று வைத்துக்கொள்வோம். காற்று காரைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை, அதாவது டவுன்ஃபோர்ஸ், இல்லாத கார் அந்த வளைவை அதிகபட்சமாக மணிக்கு 138 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கலாம். கார் கனமானதா லேசானதா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. இப்போது அதே காருக்கு, 180 கிலோமீட்டர் வேகத்தில் அதன் எடைக்குச் சமமான டவுன்ஃபோர்ஸ் தரும் விங்குகளைப் பொருத்துவோம். வளைவின் உச்ச வேகம் சுமார் 215 கிலோமீட்டராக உயர்கிறது. சுமை கூடும்போது உராய்வுக் கெழு கொஞ்சம் இறங்கும் என்று முன்பே சொன்னேன். அதனால் நிஜத்தில் இதற்குச் சற்றுக் குறைவாகவே வரும். இருந்தாலும் எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி சேர்த்தாலும் ஒரு வளைவில் இப்படி ஒரு தாவலை வாங்க முடியாது.

காற்று விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதைப் போல 200-இல் நான்கு மடங்கு, 300-இல் ஒன்பது மடங்கு. ஆகவே ஒரே கார் மெதுவான வளைவில் ஒரு வண்டி, வேகமான வளைவில் வேறொரு வண்டி. மெதுவான வளைவில் அதன் குணத்தை ஸ்பிரிங்கும் டேம்பரும் ஆன்ட்டி-ரோல் பாரும் முடிவுசெய்கின்றன. வேகமான வளைவில் விங்கும் காரின் அடிப்பகுதியான தரைப்பலகையும் முடிவுசெய்கின்றன. பிரேக் பிடிப்பதிலும் இதே கதை. 300 கிலோமீட்டர் வேகத்தில் முழு வலுவோடு மிதிக்கலாம். வேகம் இறங்க இறங்க டவுன்ஃபோர்ஸும் இறங்குகிறது. டயர் தாங்கும் அளவும் அதோடு இறங்குகிறது. அதற்கு இணையாகப் பெடலை விடாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

காற்றின் அடர்த்தியையும் கவனியுங்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை கொண்டது. 35 டிகிரியில் அது ஏறக்குறைய 1.15 கிலோதான். அதே விங், அதே வேகம். ஆறு விழுக்காட்டுக்கு மேல் டவுன்ஃபோர்ஸ் குறைவு. மெக்சிகோ நகரப் பந்தயத் தடம் 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. மொனாக்கோவின் குறுகிய தெருக்களுக்குப் பொருத்துவதைப் போன்ற பெரிய விங்குகளை அங்கே பொருத்துகிறார்கள். மெலிந்த காற்றில் அவற்றிலிருந்து கிடைக்கும் விசையோ மோன்ஸா போன்ற அதிவேகத் தடத்தில் சிறிய விங்குகள் தரும் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

விங் வந்த கதை

1956-இல் மிஷேல் மே என்ற இளம் சுவிஸ் பொறியாளர், தன் போர்ஷே 550 காரின் நடுவில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு விங்கைத் தலைகீழாகப் பொருத்தி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்துக்குக் கொண்டுவந்தார். போட்டி நடத்தியவர்கள் அதை அனுமதிக்கவில்லை. யோசனை பத்தாண்டுகள் உறங்கியது.

1966-இல் அமெரிக்காவின் டெக்சஸைச் சேர்ந்த ஜிம் ஹால் தன் ஷாபரல் 2இ காரில் அதை எழுப்பினார். அவர் செய்த இரண்டு காரியங்களை மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். முதலாவது, உயரமான தூண்களின் மேல் நின்ற விங்கைக் காரின் உடலோடு பிணைக்காமல் பின் சக்கரங்களைத் தாங்கும் பாகங்களோடு நேரடியாகப் பிணைத்தார். காற்றின் அழுத்தம் ஸ்பிரிங்குகளை நசுக்காமல் நேராக டயருக்குப் போனது. இரண்டாவது, ஓட்டுநர் இடது காலால் பெடலை மிதித்தால் விங் படுத்துவிடும். நேர்ப்பாதையில் காற்றுத் தடை குறையும். காலை எடுத்தால் விங் நிமிர்ந்து வளைவுக்குத் தயாராகும். தானியங்கி கியர்பெட்டி என்பதால் இடது காலுக்கு கிளட்ச் வேலை இல்லை.

1968-இல் ஃபார்முலா ஒன் அணிகள் விங்குக்கு மாறின. ஒரே ஆண்டுக்குள் மெல்லிய தூண்களின் மேல் உயர்ந்து நிற்கும் விங்குகள் எல்லாக் கார்களிலும் வந்துவிட்டன. 1969 மே மாதம், பார்சிலோனாவின் மோன்ட்ஜூயிக் பூங்காவில் ஸ்பெயின் கிராண்ட் பிரீ. அந்தத் தடத்தில் ஒரு மேடு உண்டு. அதன் உச்சியில் கார் தரையில் படாமல் லேசாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தூண்கள் அங்கே ஒரு முறை கீழ்நோக்கி நெரிந்து, அடுத்த கணம் தளர்ந்து, மீண்டும் நெரிந்தன. கிரஹாம் ஹில் ஓட்டிய லோட்டஸின் விங் முறிந்தது. கார் தடுப்பில் மோதியது. சில சுற்றுகள் கழித்து, முன்னணியில் இருந்த அவர் அணித்தோழர் யோஹன் ரிண்ட்டின் விங்கும் அதே இடத்தில் முறிந்தது. அவர் கார் ஹில்லின் சிதைந்த காரிலேயே போய் மோதியது. ரிண்ட்டுக்கு முகத்தில் காயம். இரண்டு வாரத்தில், மொனாக்கோ பந்தயப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே உயர்ந்த விங்குகளைத் தடைசெய்தார்கள். பின்னர் காரின் உடலோடு உறுதியாகப் பிணைத்த, தாழ்ந்த விங்குகளுக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள்.

அந்த விங்குகள் வேண்டிய விசையைத் தந்தன. அந்த விசை ஒரு நொடி விலகித் திரும்பும்போது என்ன ஆகும் என்று யாரும் கணக்கிடவில்லை. முறிந்தது அங்கேதான்.

தரைக்கும் காருக்கும் நடுவே

விங்கைவிடப் பெரிய புதையல் காரின் அடியில் இருந்தது. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் ஏறக்குறைய 10 டன் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. காரின் அடிப்பரப்பு 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மேலிருந்து 50 டன், கீழிருந்து 50 டன். இரண்டும் சமம் என்பதால் நாம் உணர்வதில்லை. கீழே இருக்கும் அழுத்தத்தை நூற்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். 500 கிலோ டவுன்ஃபோர்ஸ் கிடைத்துவிடும். கீழே அழுத்தம் குறைய வேண்டுமானால் அங்கே காற்று விரைந்து ஓட வேண்டும். முன்னால் குறுகி, பின்னால் மெல்ல விரியும் வழியொன்றைக் காருக்கு அடியில் அமைத்தால் காற்று அப்படி ஓடும்.

1970-களின் நடுவில் லோட்டஸ் நிறுவனத்தில் காலின் சாப்மன், டோனி ரட், பீட்டர் ரைட் ஆகியோர் இந்த வழியில் இறங்கினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் விண்ட் டனலில் மாதிரியை வைத்துச் சோதித்தபோது அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே அமைப்பு ஒருமுறை ஓர் எண்ணைத் தந்தது, மறுமுறை வேறு எண். ரைட் கூர்ந்து பார்த்தார். மாதிரியின் பக்கப் பெட்டிகள் தொய்ந்து தரையை நெருங்க நெருங்க விசை கூடுவதைக் கண்டார். பக்கங்களை அட்டைத் துண்டுகளால் அடைத்துப் பார்த்தபோது டவுன்ஃபோர்ஸ் பெருமளவு உயர்ந்தது. ஒத்துப்போகாத அளவைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு நழுவியிருக்கும். உங்கள் சோதனைக் குறிப்பேட்டில் பொருந்தாத எண் வரும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள்.

1977-இல் வந்த லோட்டஸ் 78-இல் மேரியோ ஆன்ட்ரெட்டி நான்கு பந்தயங்களை வென்றார். 1978-இல் லோட்டஸ் 79 வந்தது. பக்கங்களில் தரையைத் தடவிக்கொண்டு மேலும் கீழும் சறுக்கும் பாவாடைகள் அடியில் இருக்கும் தாழ்ந்த அழுத்தத்தை வெளிக்காற்றிலிருந்து காத்தன. அந்த ஆண்டு ஆன்ட்ரெட்டி உலக வாகையர். லோட்டஸ் அணி தயாரிப்பாளர் வாகையர்.

போட்டி அணிகள் சும்மா இருக்கவில்லை. பிரபம் அணியின் கார்டன் மர்ரே, காரின் பின்னால் பெரிய மின்விசிறியைப் போன்ற ஒரு விசிறியைப் பொருத்தி அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சினார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஜிம் ஹால் ஷாபரல் 2ஜே காரில் இதைச் செய்து, அந்தக் காரும் தடைக்கு உள்ளாகியிருந்தது. மர்ரேயின் விசிறியை எஞ்சின் சுழற்றியது. உறிஞ்சும் விசை காரின் வேகத்தைப் பொறுத்ததாக இல்லாமல் எஞ்சின் சுழற்சியைப் பொறுத்ததாக ஆனது. மெதுவான வளைவிலும் பிடி கிடைத்தது. நிக்கி லாவ்டா 1978 ஜூனில் ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப் தடத்தில் அரை நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் வென்றார். அந்தக் கார் அதற்குப் பிறகு பந்தயத்துக்கு வரவே இல்லை.

கீழே உறிஞ்சும் காருக்கு இரண்டு பெரும் பலவீனங்கள் உண்டு. ஒன்று, பாவாடை. வளைவின் நடுவில் பாவாடை மேலே மாட்டிக்கொண்டாலோ கற்பட்டு உடைந்தாலோ வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். டவுன்ஃபோர்ஸ் அந்தக் கணமே போய்விடும். ஓட்டுநருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. இரண்டாவது, துள்ளல். வேகம் கூடக் கார் கீழே இழுபடுகிறது. இடைவெளி ஓரளவுக்கு மேல் குறைந்தால் காற்று அதில் சீராக நுழைய முடியாமல் திணறுகிறது, உறிஞ்சல் விட்டுப்போகிறது. நசுங்கியிருந்த ஸ்பிரிங் காரை மேலே தள்ளுகிறது. இடைவெளி விரிந்ததும் காற்று மீண்டும் ஓட, கார் மீண்டும் கீழே இழுபடுகிறது. நொடிக்குப் பல முறை இது நடக்கும்.

லோட்டஸ் அணியே இதில் மாட்டிக்கொண்டது. 1979-க்காக அவர்கள் கட்டிய லோட்டஸ் 80, முந்தைய காரைவிடக் கூடுதல் டவுன்ஃபோர்ஸைக் குறிவைத்தது. பாவாடைகளை முன்மூக்கு வரை நீட்டினார்கள். கார் துள்ளியது. அழுத்த மையம் முன்னும் பின்னும் அலைந்தது. ஸ்பெயினில் ஆன்ட்ரெட்டி மூன்றாவதாக வந்தார். மூன்று பந்தயங்களோடு காரைக் கைவிட்டுப் பழைய 79-க்கே திரும்பினார்கள். உலகிலேயே இந்த இயலை முதலில் கரைத்துக் குடித்த அணிக்கே நேர்ந்தது இது.

சறுக்கும் பாவாடைகளை 1981-இல் தடைசெய்தார்கள். 1983-இல் காரின் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ரோலண்ட் ராட்சன்பர்கரும் அயர்ட்டன் சென்னாவும் இமோலாவில் உயிரிழந்த 1994-இல் மற்றப் பாதுகாப்பு மாற்றங்களோடு அடியில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பலகையையும் கட்டாயமாக்கினார்கள். பலகை அளவுக்கு மேல் தேய்ந்திருந்தால் தகுதிநீக்கம். காரை அளவுக்கு மீறித் தாழ்த்துவதற்கு அது போட்ட வேலி.

முன்பாரம், பின்பாரம்

இனி கையாளுமையின் இதயத்துக்கு வருவோம். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றும் ஊர்ப் பெரியவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். மொத்த மூட்டைகள் அதேதான். முன்னால் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்னால் கூடினால் நுகம் மேலே தூக்கும். காற்று ஏற்றும் பாரத்துக்கும் அந்தப் பார்வைதான் தேவை. முன்னும் பின்னும் கிடைக்கும் டவுன்ஃபோர்ஸ் முழுவதும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொண்டால் அதுவே அழுத்த மையம். அது ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் நகர்ந்தால் பின் டயர்கள் லேசாகும். வேகமான வளைவில் வால் வெளியே வீசும். அது ஓவர்ஸ்டீர். மிகவும் பின்னால் போனால் முன் டயர்கள் திரும்ப மறுக்கும். கார் வளைவின் வெளிப்பக்கமாக விலகிப் போகும். அது அண்டர்ஸ்டீர்.

சிக்கல் என்னவென்றால் இந்தப் புள்ளி நிற்பதில்லை. ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறார், மூக்கு தாழ்கிறது. முன் விங் தரையை நெருங்குவதால் கூடுதல் விசை தருகிறது. பின்புறம் உயர்வதால் தரைப்பலகையின் பின்பகுதி வலுவிழக்கலாம். அழுத்த மையம் முன்னால் பாய்கிறது. அதே நேரத்தில் எடையும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. சரியாக அந்தக் கணத்தில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். வளைவின் நுழைவாயிலில் கார்கள் சுழன்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூக்கு தாழ்வதைக் கட்டுப்படுத்தத்தான் பந்தயக் கார்களில் ஸ்பிரிங்குகள் இவ்வளவு கடினமாக இருக்கின்றன. கடின ஸ்பிரிங் மேடுபள்ளத்தில் டயரைத் தாவவிடும். டயரின் பிடி குறையும். காற்றுக்குச் சாதகமானது ரப்பருக்குப் பாதகமாகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதே செட்டப் பொறியாளரின் வேலை.

முன்னால் போகும் காரும் உங்கள் அழுத்த மையத்தை நகர்த்தும். அதன் பின்னால் காற்று குழம்பிக் கிடக்கிறது. உங்கள் முன் விங் அந்தக் குழப்பத்துக்குள் நுழைந்ததும் வலுவிழக்கிறது. 2021 வரை இருந்த ஃபார்முலா ஒன் கார், முன்னால் போகும் காரிலிருந்து 20 மீட்டர் தொலைவில் வரும்போது 35 விழுக்காடும், 10 மீட்டரில் 46 விழுக்காடும் டவுன்ஃபோர்ஸை இழந்தது என்று ஃபார்முலா ஒன் நிர்வாகமே வெளியிட்டது. அதனால்தான் காருக்கு அடியில் காற்று விரைந்தோடும் அடிவழிகளை 2022-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். அந்த வடிவத்தில் இழப்பு 20 மீட்டரில் 4 விழுக்காடு, 10 மீட்டரில் 18 விழுக்காடு என்று கணித்தார்கள்.

அடிவழிகள் திரும்பியபோது துள்ளலும் திரும்பியது. மெர்சிடீஸ் அணியின் டபிள்யூ13 அதில் மிகவும் அவதிப்பட்டது. பாகூ பந்தயம் முடிந்து லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து மெல்ல இறங்கியதை உலகமே பார்த்தது. எட்டு முறை தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டம் வென்ற அணி அது. உலகத் தரமான விண்ட் டனலும் கணினிகளும் அவர்களிடம் இருந்தன. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு துள்ளலுக்கு ஓர் அளவுகோலை வகுத்துக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023-க்குத் தரைப்பலகையின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னது.

கைவிடும் கணம்

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான பாடம் 1999 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் கிடைத்தது. மெர்சிடீஸ் சிஎல்ஆர் தாழ்ந்த, நீண்ட கார். முன் சக்கரங்களுக்கு முன்னாலும் பின் சக்கரங்களுக்குப் பின்னாலும் அதன் உடல் வெகுதூரம் நீண்டிருந்தது. வியாழக்கிழமை தகுதிச்சுற்றில் மார்க் வெப்பர் இன்னொரு காரை நெருங்கிப் போனபோது மூக்கு எழும்பியது; கார் வானில் புரண்டது. அதைச் சரிசெய்து சனிக்கிழமை காலை மறுபடி இறக்கினார்கள். மீண்டும் அவர் கையிலேயே, சாலையில் இருந்த ஒரு மேட்டில் கார் புரண்டது. பந்தயத்தில் பீட்டர் டம்பிரெக் ஓட்டிய கார் காற்றில் சுழன்று, தடுப்பைத் தாண்டி மரங்களுக்கு நடுவே விழுந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள். மெர்சிடீஸ் மீதமிருந்த காரையும் உள்ளே அழைத்துக்கொண்டது.

நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். முன்னால் போகும் காரின் குழம்பிய காற்றில் மூக்கின் மேல் விழும் அழுத்தம் குறைகிறது. சாலை மேடு மூக்கை இன்னும் சற்று உயர்த்துகிறது. அதுவரை தரைப்பலகையின் அடியில் உறிஞ்சிய காற்று, இப்போது அகன்ற பலகையைக் கீழிருந்து தூக்குகிறது. மூக்கு உயர உயரத் தூக்கும் விசை கூடுகிறது. கூடக்கூட மூக்கு மேலும் உயர்கிறது. ஓட்டுநரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. காரை அழுத்திய அதே பரப்பு, சில டிகிரி சாய்வில் அதைத் தூக்கி எறியும் பரப்பாகிவிடுகிறது.

காற்று தரும் விசையைத் தரையில் ஏற்கும் டயரையும் இங்கே மறந்துவிடக்கூடாது. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியனாபோலிஸில் நடந்த கிராண்ட் பிரீயை நம் ஊர் மறக்காது. அந்தத் தடத்தின் 13-ஆம் வளைவு சாய்த்துக் கட்டியது. சாய்ந்த வளைவில் முழு வேகத்தில் போகும்போது டவுன்ஃபோர்ஸோடு சேர்ந்து காரின் வேகமும் டயரைத் தரையில் அழுத்தும். பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் அங்கே செயலிழந்து கார் சுவரில் மோதியது. மிஷலின் நிறுவனம் தன் டயர்கள் அந்த வளைவில் பந்தய தூரத்தைத் தாங்கும் என்று உறுதி தரவில்லை. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் பொருத்திய 14 கார்களும் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பொருத்திய ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டன் அணிக்காக ஓட்டிய நரேன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. பந்தயத்திலிருந்து விலகிய அணிகள் எடுத்த முடிவையும் நான் மதிக்கிறேன். தாங்குமா என்று தெரியாத விசையின் மேல் மனிதரை உட்கார வைக்க அவர்கள் மறுத்தார்கள்.

உங்கள் காருக்கு

கரி தடத்தில் ஓடப்போகும் உங்கள் காருக்கு இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது?

முதலில், உங்கள் வளைவுகள் மெதுவானவை. 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 கிலோ டவுன்ஃபோர்ஸ் தரும் விங், 30 கிலோமீட்டரில் 12.5 கிலோதான் தரும். அந்த விங்கும் தாங்கிகளும் சேர்ந்து 12 கிலோ எடை இருந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த நிறையையும் நீங்கள் சுமந்து திருப்ப வேண்டும். அதுவும் உயரத்தில் இருக்கும் நிறை; ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கும். ஆகவே விங் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது உங்கள் வேகத்தில், உங்கள் தடத்தில் தன் செலவைக் கட்டுகிறதா என்று கணக்குப் பாருங்கள்.

இரண்டாவது, ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். கணினியில் கார் நேராக, சமமாக, அமைதியான காற்றில் ஓடுகிறது. தடத்தில் அது மூக்கைத் தாழ்த்தும், பக்கம் சாயும், கோணலாகச் சறுக்கும், பக்கக் காற்றை வாங்கும். மூக்கு 10 மில்லிமீட்டர் தாழ்ந்தால் என்ன, பின்புறம் 10 மில்லிமீட்டர் உயர்ந்தால் என்ன, கார் ஐந்து டிகிரி கோணலாகப் போனால் என்ன என்று ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். விசை எவ்வளவு குறைகிறது, அழுத்த மையம் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்று அட்டவணை போடுங்கள். உச்ச விசையில் ஐந்து விழுக்காட்டை விட்டுக்கொடுத்து அந்த நகர்வைப் பாதியாக்க முடியுமானால், தயங்காமல் செய்யுங்கள். ஓட்டுநர் நம்பினால்தான் வேகமாக ஓட்டுவார். நம்பிக்கை இல்லாத ஓட்டுநர் காரிடம் இருக்கும் பிடியில் ஒரு பகுதியைத் தொடாமலேயே வைத்திருப்பார். நீங்கள் உழைத்துச் சேர்த்த விசை வீணாகும்.

மூன்றாவது, அளந்து பாருங்கள். விங்கின் மேல் நூல் துண்டுகளை ஒட்டிப் படம் பிடித்தால் காற்று எங்கே பிரிகிறது என்று கண்ணால் காணலாம். சஸ்பென்ஷனில் இடப்பெயர்ச்சி உணரிகளைப் பொருத்தி நேர்ப்பாதையில் சீரான வேகத்தில் ஓட்டினால், முன்னும் பின்னும் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று தெரியும். ஸ்பிரிங்கின் வலு தெரிந்ததால் விசையும் தெரிந்துவிடும். கணினி சொன்னதும் தடம் சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே உங்கள் அடுத்த வாரத்து வேலை. பீட்டர் ரைட் தொடங்கியதும் ஒத்துப்போகாத ஓர் எண்ணிலிருந்துதான்.

கடைசியாக, ஒவ்வொரு பாகத்திடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீ எவ்வளவு தருகிறாய்? எப்போது தருவதை நிறுத்துவாய்? நிறுத்தும்போது என் ஓட்டுநருக்கு என்ன ஆகும்? முதல் கேள்விக்கு விடை தெரிந்தவர்களால் வேகமான சுற்று ஒன்றை ஓட்டிக்காட்ட முடியும். மூன்றுக்கும் விடை தெரிந்தவர்களே பந்தயத்தை முடிக்கிறார்கள். தங்கள் ஓட்டுநரைப் பத்திரமாக வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். நீங்கள் கட்டும் காரின் வடிவமைப்பு அறிக்கையில், உச்ச டவுன்ஃபோர்ஸை எழுதும் வரிக்கு அடுத்த வரியிலேயே, மிக மோசமான நிலையில் மிஞ்சும் டவுன்ஃபோர்ஸையும் எழுதுங்கள். இந்த மாணவர் குழுவிலிருந்து அந்த வழக்கம் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.